மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு: வாசலை அடைக்கும் வண்டிகளோடு நான் பட்ட பாடு

ஆலந்தூர் மண்டலத்தில், ஒரு மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைத் தொலைவில், ஆறு வீடுகள் கொண்ட சிறிய அடுக்ககம் ஒன்றில் குடியிருக்கிறேன். தெருவின் அகலம் இருபதடிதான். கணவருக்கு வெளியூரில் வேலை. வீட்டில் நானும், வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போக வேண்டிய என் மாமியாரும் மட்டும். நிலையத்துக்கு வரும் பயணிகள் எங்கள் தெருவில் விட்டுப் போகும் வண்டிகளால் எனக்கு என்னென்ன நேர்ந்தது, எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்டுப் பயனில்லை என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எனக்கு இவற்றைச் சொல்ல யாரும் இருக்கவில்லை. ஒவ்வொன்றையும் காத்திருந்தும், கைக்காசை விட்டும்தான் தெரிந்துகொண்டேன்.

சென்னை மெட்ரோவின் முதல் ரயில் 2015 ஜூன் 29 அன்று ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே ஓடியது. அப்போது தெருமுனையில் நாலைந்து டூவீலர்கள் நிற்கும், அவ்வளவுதான். 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை தடம் திறந்த பிறகு வண்டிகள் மெல்ல மெல்லக் கூடின. கொரோனா முடிந்து அலுவலகங்கள் முழுமையாக இயங்கத் தொடங்கியதும் தெருவே வண்டி நிறுத்துமிடமாக மாறிவிட்டது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, உள்ளகரம், மூவரசம்பட்டு பக்கத்துக்காரர்கள். வீட்டருகே வரும் சிற்றுந்தை நம்பினால் அலுவலகத்துக்கு நேரத்தில் போக முடியாது என்பதால் நிலையம் வரை டூவீலரில் வருகிறார்கள். நிலைய வளாகத்தின் நிறுத்துமிடம் காலை எட்டரைக்குள் நிரம்பிவிடும். நிரம்பாத நாளிலும் ஒவ்வொரு நாளும் கட்டணம் கொடுக்க மனம் வராதவர்கள் உண்டு. இவர்களைத் தவிர இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். விமானத்தில் ஊருக்குப் போகிறவர்கள், விமான நிலைய நிறுத்தக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காகக் காரை எங்கள் தெருவில் விட்டுவிட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு மெட்ரோவில் போகிறார்கள். அந்தக் கார் மூன்று நாள், நான்கு நாள் அப்படியே நிற்கும். டூவீலராவது மாலையில் போய்விடும். இந்தக் கார்களை எப்போது எடுப்பார்கள் என்பது அவர்கள் வாங்கிய திரும்பும் டிக்கெட்டுக்குத்தான் தெரியும்.

மாமியாருக்கு டயாலிசிஸ் நேரம் காலை ஒன்பதரை. நாங்கள் கிளம்ப வேண்டிய ஒன்பது மணியும், தெரு நிரம்பி முடியும் நேரமும் ஒன்றாக இருந்ததுதான் என் கெட்ட நேரம். ஒரு நாள் கேட்டுக்கு நேர் எதிரே ஒரு காரும், கேட்டை ஒட்டி மூன்று டூவீலர்களும் நின்றிருந்தன. ஹேண்டில் லாக் போட்ட வண்டியைத் தள்ள முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பின்பக்கக் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து அரையடி அரையடியாக இழுத்துத்தான் நகர்த்த வேண்டும். ஒற்றை ஆளாக இரண்டு வண்டிகளை இழுத்துவிட்டேன். மூன்றாவது வண்டியின் சைடு ஸ்டாண்ட், வெயிலில் இளகிய தாரில் புதைந்து நின்றுவிட்டது. கடைசியில் எங்கள் காரை விட்டுவிட்டு, மாமியாரைச் சக்கர நாற்காலியில் பெரிய சாலை வரை தள்ளிச் சென்று ஆட்டோ பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது எங்கள் முறையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் வேறொரு மையத்தில் அதிகப் பணம் கொடுத்துச் செய்துகொண்டோம். அந்த இரவு அவருக்கு மூச்சுத் திணறியபோது எனக்கு வந்த கோபம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த மூன்று வண்டிகளின் எண்களும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

கோபத்தில் எல்லோரும் செய்வதை எங்கள் தெருவிலும் செய்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் மணல் மூட்டைகளையும் பூந்தொட்டிகளையும் வரிசையாக வைத்தார். மாநகராட்சி ஊழியர்கள் வந்து ஆக்கிரமிப்பு என்று அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் செய்ததில் தவறில்லை. நம் மதிலுக்கு வெளியே இருக்கும் தெரு நம்முடையதல்ல. வீட்டு வரி கட்டுவதால் வாசலுக்கு முன்னால் உள்ள இடம் நமக்குச் சொந்தமாகிவிடாது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஓர் இளைஞர் ஒரு காரின் நான்கு டயர்களிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். கார்க்காரர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க, அந்த இளைஞரின் பெற்றோர் இரண்டு மாலைகள் அங்கே உட்கார்ந்திருந்து சமாதானம் பேசிவிட்டு வர வேண்டியிருந்தது. எங்கள் அடுக்ககத்தில் காலை நேரத்துக்கு மட்டும் ஒரு காவலாளியை மாதம் ரூ.9,000 சம்பளத்தில் வைத்தோம். அவர் விசில் ஊதினால் "ஐயா, அஞ்சு நிமிஷம்தான், இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விடுவார்கள். மூன்று மாதத்தில் ரூ.27,000 போனதுதான் மிச்சம். மழைநீர் வடிகாலின் மேல் ஏற்றி நிறுத்திய ஒரு காரின் எடையால் எங்கள் கேட்டுக்கு முன்னால் இருந்த மூடி பிளந்தது, மாற்றுவதற்கு ரூ.6,500 ஆயிற்று.

தண்ணீர் லாரி விஷயம் இதைவிடப் பெரிய இழப்பு. 12,000 லிட்டர் லாரி எங்கள் தெருமுனையில் திரும்ப வேண்டுமானால், இரு பக்கமும் கொஞ்ச தூரம் காலியாக இருக்க வேண்டும். முனையில் வண்டி நின்றால் ஓட்டுநர் பெரிய சாலையிலேயே நிறுத்திவிட்டு, "அம்மா, ஹோஸ் எட்டாதும்மா, வண்டியெல்லாம் எடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா நான் கிளம்பறேன்" என்பார். யாரை எடுக்கச் சொல்வது? ஆகவே 6,000 லிட்டர் சிறிய லாரியாக வரவழைத்தோம். பாதித் தண்ணீருக்கு முக்கால் பங்கு விலை. இப்படி மாதம் சுமார் ரூ.1,500 கூடுதலாக ஒரு வருடம் போயிற்று. எல்லாவற்றையும் சேர்த்தால் ஆறு வீடுகளும் அரை லட்சத்துக்கு மேல் இழந்திருக்கிறோம், நான் அலுவலகத்தில் எடுத்த விடுப்புகள் தனி.

புகார் செய்யத் தொடங்கியபோதுதான், இந்தத் தெருவின் தலைவிதி மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது என்று புரிந்தது. நிற்கும் வண்டியின் மீது நடவடிக்கை எடுப்பது போக்குவரத்துக் காவல்துறை, அதற்குத் தொலைபேசி எண் 103. தெரு, நடைபாதை, வடிகால் மூடி ஆகியவை மாநகராட்சியுடையவை. அதற்கு 1913 அல்லது நம்ம சென்னை செயலி. நிலைய வளாகத்தின் நிறுத்துமிடம் மெட்ரோ நிறுவனத்துடையது. ஒரே மனுவில் மூன்றையும் கேட்டால் ஒவ்வோர் அலுவலகமும் மற்ற இரண்டையும் கைகாட்டும். ஓர் அலுவலகத்தில் என் மனுவை வாங்கிக்கொண்டவர், அதைப் படிக்காமலேயே அடுத்த அலுவலகத்தின் முகவரியை மனுவின் மூலையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அதனால் மனுவை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்த அலுவலகத்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலையைக் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள்.

103-ஐ அழைத்தால் வருகிறார்கள், வராமல் இல்லை. ஆனால் வந்தவர் படமெடுத்து அபராதச் சலான் போடுவார். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் இதற்கு முதல் முறை ரூ.500, அடுத்தடுத்த முறைகளுக்கு ரூ.1,500. அந்தச் சலான் வண்டிக்காரரின் கைபேசிக்குப் போய்ச் சேரும். வண்டியோ கேட்டிலேயே நிற்கும். அபராதம் போட்டதால் எனக்கு வழி கிடைத்துவிடவில்லை. வாகனப் பதிவு விவரம் காட்டும் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் உரிமையாளரின் பெயர் மறைத்துத்தான் வரும், தொலைபேசி எண் வராது. ஒரு தலைமைக் காவலர் பொறுமையாகவே சொன்னார்: "அம்மா, நோ பார்க்கிங் போர்டு இல்லாத ரோடும்மா இது. கேட்ட மறிச்சா சொல்லுங்க, வர்றேன். பக்கத்துல நிக்கிறதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், அதுவரை எனக்குக் கிடைத்த பதில்களில் தெளிவான பதில் அதுதான்.

அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு போட்டேன். எங்கள் தெருவில் வாகனம் நிறுத்தத் தடை அறிவிக்கப்பட்டிருக்கிறதா, இருந்தால் எந்த ஆணையின்படி, எந்தத் தேதியில் என்பது மட்டுமே கேள்வி. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வந்த பதில், அப்படி எந்த அறிவிப்பும் இல்லை என்பது. அதாவது எங்கள் தெருவில் ஆளாளுக்கு மாட்டியிருந்த 'நோ பார்க்கிங்' தகரங்களுக்கு எந்த மதிப்பும் இல்லை. அதே நேரத்தில், பலகையே இல்லாவிட்டாலும் சில இடங்களில் வண்டி நிறுத்துவது தவறு என்பதையும் தெரிந்துகொண்டேன். 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி கட்டடத்தின் நுழைவாயிலை மறித்தும், நடைபாதையின் மேலும், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்கு எதிர்ப்புறத்தில் வழியை அடைத்தும் நிறுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 127-ஆவது பிரிவு இன்னும் பயனுள்ளது: பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியை இழுத்துச் செல்லவோ, சக்கரத்தில் பூட்டுப் போடவோ, சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம், இழுக்கும் செலவும் உரிமையாளருடையதே. விமானத்துக்குப் போகிறவர்களின் கார்கள் விஷயத்தில் எனக்குக் கைகொடுத்தது இந்தப் பிரிவுதான். காலை எட்டு மணிக்கு ஒரு படம், இரவு ஏழு மணிக்கு அதே கோணத்தில் ஒரு படம். இரண்டிலும் வண்டி எண்ணும், எங்கள் கேட்டும், நேரமும் தெரிய வேண்டும். இந்த இரண்டு படங்களோடு பிரிவின் எண்ணையும் குறிப்பிட்டுப் புகார் கொடுத்த பிறகு, ஒரே மாதத்தில் இரண்டு கார்களை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது, பெட்டி உருட்டுகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

தினமும் வரும் டூவீலர்களைப் பற்றி யோசிக்க எனக்கு இன்னும் நாளாயிற்று. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் ஓர் இளநிலைப் பொறியாளர், "எத்தனை வண்டி, எத்தனை மணிக்கு, யாருடையது என்று தெரியாமல் நான் எதை வைத்துக் கோப்பு எழுதுவது?" என்று கேட்டார். தட்டிக் கழிக்கிறார் என்றே முதலில் நினைத்தேன். ஆனாலும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். எண்ணுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பண்டிகையோ விடுமுறையோ இல்லாத செவ்வாய், புதன், வியாழன் கிழமைகளில், காலை ஆறு மணிக்கும், பதினோரு மணிக்கும், இரவு ஒன்பது மணிக்கும் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கடைசி நான்கு எண்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இருக்கும் வண்டி தெருக்காரர்களுடையது. பதினோரு மணிக்கு மட்டும் இருப்பது பயணிகளுடையது. மூன்று வேளையும், மறுநாளும் அசையாமல் இருப்பது கைவிடப்பட்டதோ விமானத்துக்குப் போனவருடையதோ. வீட்டு வேலையாட்கள், விருந்தினர், பொருள் கொண்டுவரும் பையன்கள் எல்லோரும் இடையில் வந்து போவார்கள். அவர்களால் இந்தக் கணக்கு பெரிதாகக் கலையாது.

கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, தெருவில் நிற்கும் கார்களில் ஏறக்குறைய பாதி எங்களுடையவை என்று தெரிந்தது. அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்கு ஓர் இடம்தான். இரண்டாவது கார் வாங்கியவர்கள் எல்லோரும் தெருவில் விடுகிறார்கள். வடக்குக் கோடியில் ஒரு பழைய மாருதி வேன் நான்கு டயரும் தரையில் படிந்து, சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்து நின்றது. அது எங்கள் நலச் சங்கப் பொருளாளருடைய மைத்துனருடையது. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது வரவேற்பு ஒன்றும் பலமாக இல்லை. "நம்ம வண்டிய நம்ம தெருவுல விடாம வேற எங்க விடறது?" என்றார் ஒரு மாமா. நியாயமான கேள்விதான். ஆனால் தெரு முழுவதும் 'நோ பார்க்கிங்' வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான். அப்படி ஒரு தடை வந்திருந்தால் முதல் சலான் அவருக்குத்தான் போயிருக்கும். முழுத் தடை கேட்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். அது கிடைப்பதும் அரிது, கிடைத்தால் நம்மையே கடிக்கும்.

நாங்கள் கடைசியில் கேட்டவை சின்னச் சின்ன விஷயங்கள். தெருமுனையிலிருந்து லாரி திரும்பும் தூரம் வரை இரு பக்கமும் நிறுத்தத் தடை. மீதித் தெருவில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்த அனுமதி. ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் மஞ்சள் கோடு. இதற்கு எண்ணிக்கைத் தாள், கையால் வரைந்த தெரு வரைபடம், லாரி திரும்ப முடியாமல் நின்ற படங்கள், 108 ஆம்புலன்ஸ் ஒன்று பின்னோக்கியே வெளியேற நேர்ந்த படம் ஆகியவற்றை இணைத்தோம். வார்டு மக்கள் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து கவுன்சிலர் முன்னிலையில் படித்து, குறிப்பேட்டில் பதிவு செய்ய வைத்தோம். கூட்டத்தில் பேசுவதைவிடப் பதிவாவதுதான் முக்கியம். பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்தப் பதிவைக் காட்டலாம். முனைத் தடையும் ஒரு பக்க நிறுத்தமும் பல மாதங்கள் கழித்து வந்தன. மஞ்சள் கோட்டைப் போட்டார்கள், ஒரு மழைக்காலத்தில் பாதி அழிந்துவிட்டது.

இதற்கிடையில் நான் எதிர்பாராத ஒரு சண்டை வந்தது. எங்கள் தெருவில் இடம் குறைந்ததும், வண்டிகளெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. அந்தத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் ஒரு மாலை என் வீட்டு வாசலுக்கு வந்து, "உங்க குப்பையை எங்க தெருவுல கொட்டிட்டீங்களே அக்கா" என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. நிலையத்தைச் சுற்றிப் பத்து நிமிட நடைக்குள் இருக்கும் எல்லாத் தெருக்களையும் சேர்த்துக்கொண்டு மனு கொடுப்பதுதான் முறை. ஒரு தெரு மட்டும் தப்பித்தால் பக்கத்துத் தெரு பகையாகும், வண்டி ஒன்றுகூடக் குறையாது.

வண்டி குறைய வேண்டுமானால் அதற்கு நிற்க ஓர் இடம் வேண்டும். அந்தப் பெண்களில் ஒருவர்தான் கல்யாண மண்டபத்தின் பெயரைச் சொன்னார். நிலையத்துக்கு எட்டு நிமிட நடையில் இருக்கும் அந்த மண்டபத்தின் பின்புறம், முகூர்த்தம் இல்லாத நாட்களில் வெறுமனே பூட்டிக் கிடக்கும். உரிமையாளர் முதலில் தயங்கினார். புறநகர் ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் தனியார் சைக்கிள் ஸ்டாண்டுகள் நடப்பதைச் சுட்டிக்காட்டியதும், டூவீலருக்கு ஒரு நாளைக்கு ரூ.10 என்று ஒப்புக்கொண்டார். ரசீது கொடுக்க வேண்டும், ஆள் ஒருவர் இருக்க வேண்டும், நிழல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். பிறகு தெருவில் நின்ற ஒவ்வொரு வண்டியிலும் ஒரு துண்டுச் சீட்டை வைத்தேன்: மண்டபம் இருக்கும் இடம், கட்டணம், அதோடு "இங்கேயே நிறுத்துவதாக இருந்தால் உங்கள் கைபேசி எண்ணை எழுதி வண்டியில் வையுங்கள், வீட்டில் நோயாளி இருக்கிறார்" என்ற வரி. திட்டி எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டவர்கள் இதற்கு எண்ணை எழுதி வைத்தார்கள். ஒருவர் மாலையில் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து மண்டபத்துக்குப் போனார். வண்டி மழையில் நனையாமலும் வெயிலில் காயாமலும் இருப்பதற்காகவே பலர் அங்கே மாறினார்கள்; அபராதத்துக்குப் பயந்து மாறியவர்கள் குறைவு. ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் தெரு நிம்மதியாக இருக்கும். தையில் முகூர்த்தங்கள் தொடங்கினால் அன்றைக்கெல்லாம் வண்டிகள் திரும்பி வந்துவிடும். ஆகவே நாள்காட்டியைப் பார்த்து, முகூர்த்த நாளில் டயாலிசிஸ் வந்தால் முதல் நாள் இரவே காரைப் பெரிய சாலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் கட்ட மெட்ரோவின் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாகத்தான் போகிறது. இன்றைக்கு எங்கள் தெருவுக்கு வண்டி கொண்டுவருகிறவர்களின் வீட்டுப் பக்கத்திலேயே நிலையம் வரும்போது, இன்னும் தள்ளி இருப்பவர்களின் வண்டிகள் அவர்கள் தெருவுக்குப் போகும். கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடத்திலும், பழைய மகாபலிபுரம் சாலைத் தடத்திலும் தூண்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் இதே கதைதான். உங்கள் தெருவில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தகரத் தடுப்புகள் எடுக்கப்பட்டு, ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே ஒரு செவ்வாய், புதன், வியாழனில் நான் சொன்ன மூன்று வேளைக் கணக்கை எழுதி, தேதியோடு மண்டல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்துவிடுங்கள். நிலையம் திறந்த பிறகு வண்டிகள் எவ்வளவு கூடின என்று காட்ட எங்களிடம் பழைய கணக்கு எதுவும் இல்லாததால், "முன்பும் இப்படித்தானே இருந்தது" என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் தேடவே எங்களுக்கு அரை வருடம் ஆயிற்று.